பனியை அளந்த பிள்ளைகள்

ஐஸ்லாந்துக்கு அறிவியல் சுற்றுலா போகும் மாணவர்கள் பலரும் பார்க்கும் இடம் சோல்ஹெய்மாயோகுல் பனியாறு. பனிதானே, வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போனால், பல இடங்களில் கரி பூசியது போலக் கறுத்துக் கிடக்கும். எல்லாம் எரிமலைச் சாம்பல்! அது இறங்கி வரும் பெரிய பனிப்பரப்பின் அடியில்தான் கட்லா எரிமலை இருக்கிறது. 1918-ல் கட்லா வெடித்தபோது, உருகிய பனி பெருவெள்ளமாகப் பாய்ந்தது.

இந்தப் பனியாறும் சுருங்கி வருகிறது. அதற்கும் எரிமலைதான் காரணம் என்று வந்தவர்கள் நினைக்கலாம். ஆனால் 1918-க்குப் பிறகு கட்லா பெரிதாக வெடிக்கவே இல்லை. பனியைக் கரைப்பது பூமி சூடாவதுதான்.

பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் ஆண்டுதோறும் வந்து, பனியின் முனை எவ்வளவு பின்வாங்கியது என்று அளந்தார்கள். பத்தே ஆண்டுகளில் சில நூறு மீட்டர்! பனி இருந்த இடம் ஏரியானது. நடந்துபோய் அளந்த இடத்துக்குப் பிறகு படகில் போக வேண்டியதாயிற்று.

ஒரு நாள் வந்து போகிறவர்களுக்கு நல்ல புகைப்படம் கிடைக்கும். பனி எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு, திரும்பத் திரும்ப வந்த அந்தப் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது.