தீனோஸ் தீவில் ஆகஸ்டு 15

ஆகஸ்டு 15 நமக்குச் சுதந்திர தினம். அதே நாள் கிரேக்க நாட்டிலும் பொது விடுமுறையாகும். தேவமாதா கண் துயின்ற திருநாள் என்று அதனைக் கொண்டாடுகிறார்கள். முந்திய பதினான்கு நாட்களும் புலாலும் பாலும் விலக்கி விரதம் காப்பவர் பலர். ஏதென்ஸ் நகரத்துக் கடைகள் பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்க, மக்கள் தத்தம் தீவுகளுக்குப் புறப்பட்டு விடுகின்றனர். பிரேயஸ் துறைமுகத்து நெரிசலைக் கண்டதும், தீபாவளிக்கு முன்னாள் சென்னை வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டந்தான் எங்கள் நினைவுக்கு வந்தது. டிக்கெட் ஜன்னலுக்கு வெளிப்புறம் நிற்பது எங்களில் ஒருவருக்குப் புதிய அனுபவம்!

தீனோஸ் சிறிய தீவு. ஆகஸ்டு மாதத்தில் அங்கே வீசும் வடகாற்றுக்கு மெல்தேமி என்று பெயர். தலையில் தொப்பி நிற்காது. துறைமுகத்திலிருந்து மேட்டிலுள்ள மாதா கோயிலுக்கு ஒரே நேர்வீதி செல்கின்றது. அதன் ஓரத்தில் நீளக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். எதற்கென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கறுப்புடை அணிந்த மூதாட்டி ஒருவர் முழந்தாளிட்டுத் தவழ்ந்து ஏறிக்கொண்டிருந்தார். வேளாங்கண்ணி மணலில் முழந்தாளால் நடப்போரைக் கண்டவர்கட்கு அது அந்நியக் காட்சியன்று. அவர் பக்கத்திலே தண்ணீர்ப் புட்டியுடன் நடந்தவர் அவருடைய மகன்; மெல்போர்ன் நகரத்தில் வேலையாயிருப்பவர். அவர் ஊர் திரும்பி ஒன்பது ஆண்டுகளாகியிருந்தன. மகன் வந்தால் முழந்தாளால் வருவேன் என்பது தாயின் வேண்டுதல்.

இக்கோயிலின் வரலாறு கிரேக்கர்களின் விடுதலைப் போருடன் பிணைந்தது. போர் 1821-இல் மூண்டது. மறு ஆண்டு பெலாகியா என்னும் கன்னியாஸ்திரீயின் கனவில் மாதா தோன்றிப் புதையுண்ட தம் திருவுருவத்தை எடுக்கச் சொன்னதாகக் கூறுவர். 1823 ஜனவரி 30-ஆம் நாள் அது கிடைத்தது. தேவதூதன் கன்னி மரியாளுக்கு மங்களச் செய்தி கூறும் ஓவியம் அது. அச்செய்தியின் திருநாளான மார்ச்சு 25-தான் கிரேக்கர்களின் சுதந்திர நாளும்.

நகைகளினூடே ஓவியத்தைக் காண்பது கடினம். ஆனால் மேலே தொங்கும் காணிக்கைகளை மணிக்கணக்கில் பார்க்கலாம். வெள்ளியிலே கண், கால், குழந்தை, வீடு, கப்பல்! நம் மாரியம்மன் கோயில் உருக்களும் கண்மலரும் நினைவுக்கு வந்தன. கப்பல் மட்டும் நம்மிடம் இல்லை. கடலை நம்பிப் பிழைக்கும் தீவினர் அல்லவா!

பின்பு திருவுருவத்தைத் துறைமுகத்திற்கு எடுத்து வந்தார்கள். நோயாளிகள் வீதியிலே படுத்திருந்தனர். திருவுருவம் அவர்கள் மேலாகக் கடந்து சென்றது. கடற்படையினர் அணிவகுத்து நின்றனர். 1940-ஆம் ஆண்டு இதே நாள் காலையில், திருவிழாவுக்காகக் கொடிகள் கட்டி இத்துறைமுகத்தில் நின்ற 'எல்லி' என்னும் கிரேக்கப் போர்க்கப்பலை ஓர் இத்தாலிய நீர்மூழ்கிக் கப்பல் குண்டெறிந்து மூழ்கடித்தது. ஒன்பது மாலுமிகள் மாண்டனர். அப்போது இரு நாடுகளுக்கும் போரே இல்லை! எனினும் அன்று ஊர்வலம் நிற்கவில்லையாம். அக்டோபர் 28-ஆம் நாள் இத்தாலி விடுத்த இறுதி எச்சரிக்கையைக் கிரேக்கர் மறுத்தனர். அந்நாளும் இன்று அங்கே பொது விடுமுறை. ஆனால் தீனோஸ் மக்களுக்குப் போர் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது.

மாலையில் அந்தத் தாயையும் மகனையும் காப்பிக் கடை ஒன்றில் மீண்டும் கண்டோம். அம்மையாருக்கு மாதாவின் பெயர். ஆதலால் அன்று அவருக்குப் பெயர்த் திருநாள். வருவோர் போவோரெல்லாம் 'க்ரோனியா பொல்லா' என்று வாழ்த்தினர். பல ஆண்டுகள் என்பது பொருள்; நம் 'பல்லாண்டு' போலத்தான். எங்கள் நாட்டுக்கும் இன்று திருநாள் என்று மகனிடம் சொன்னோம். அவர் மொழிபெயர்த்ததும், அம்மையார் எங்களுக்கும் அதே வாழ்த்தைக் கூறி, லுக்குமி என்னும் மிட்டாயைக் கையில் வைத்தார்.

எத்தனை நாள் விடுமுறை என்று மகனைக் கேட்டோம். தாயைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில், இன்னும் ஐந்து நாள் என்றார். எங்களுக்கு மறுநாள் காலைக் கப்பல்.