புத்தகத்தை மூடினால்தான் படிப்பு

சட்டம் படிக்கிற ஆக்களின் கொப்பியைத் திறந்தால் மஞ்சள், பச்சை, ரோஸ் எண்டு கோடு விழாத வரியே இருக்காது. ஆனால் பரீட்சை மண்டபத்தில் அந்த நிறம் ஒண்டும் கைகொடுக்காது. அங்க இருக்கிறது வினாத்தாளும் வெறும் தாளும்தான். அதனால் மண்டபத்தில் செய்யப்போறதை வீட்டிலேயே செய்து பழகவேணும் எண்டு நாங்கள் ஐந்து பேரும் தொடக்கத்திலேயே முடிவெடுத்தோம்.

இலங்கையில் சட்டத்தரணி ஆகவேணும் எண்டால் கொழும்பு புதுக்கடையில் இருக்கிற இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்டவேணும். 1874 இல் தொடங்கின கல்லூரி அது. பரீட்சைகள் முடிய ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிற்சி. அதுக்குப் பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். லீவுக்கு ஊருக்கு வாற நாட்களில் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தைதான் எங்கட வகுப்பறை. அங்க நாங்கள் கைக்கொண்ட வழிகளை இதில் எழுதுகிறோம்.

முதலாவது, ஒரு பாடத்தை வாசிச்சு முடிச்ச உடனே புத்தகத்தை மூடுறது. ஞாபகத்தில் இருக்கிற எல்லாத்தையும் வெறும் தாளில் எழுதுறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் சேர்க்கிறது. அடுத்த முறை அந்தச் சிவப்பில் இருந்து தொடங்கவேணும். 2006 இல் ரோடிகர், கார்பிக்கே எண்ட இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பரிசோதிச்சுப் பார்த்தவை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கேட்டால், திரும்பத் திரும்ப வாசிச்ச மாணவர்கள்தான் முன்னுக்கு. ஒரு கிழமைக்குப் பிறகு கேட்டால், பார்க்காமல் எழுதிப் பழகினவை முந்திட்டினம். வாசிக்கேக்க "இது எனக்குத் தெரியும்" எண்டு வாற துணிவு பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத் துணிவுதான்.

இரண்டாவது, இடைவெளி விட்டுத் திரும்ப வாறது. இண்டைக்குப் படிச்சதை நாளைக்கு, பிறகு ஒரு கிழமையில், பிறகு ஒரு மாதத்தில் திரும்பக் கேட்கிறது. சுவர்க் கலண்டரில் குறிச்சு வைச்சால் போதும். படிச்சது எவ்வளவு வேகமாக மறந்துபோகுது எண்டு ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் 1885 இலேயே தன்னை வைச்சே அளந்து எழுதிப்போட்டார்.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமானது. பிரிவு இலக்கத்தை மட்டும் ஒப்புவிச்சால் சட்டப் பரீட்சையில் புள்ளி வராது. ஒரு கதையைத் தந்து, அந்த ஆளுக்கு என்ன ஆலோசனை சொல்லுவீர்கள் எண்டு கேட்பினம். பதிலுக்கு நாலு படி இருக்கு: பிரச்சினை என்ன, அதுக்குரிய சட்டம் என்ன, அந்தச் சட்டம் இந்த ஆளுக்கு எப்படிப் பொருந்தும், முடிவு என்ன. மூன்றாவது படிதான் கஷ்டம். அதைப் பழகக் கதைகளை நாங்கள் ஊரில் இருந்தே எடுத்தோம்.

தேசவழமையைப் பாருங்கோ. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எல்லாம் கலியாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் சின்னனிலேயே காதில் விழுந்த சொற்கள். 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி, மனைவி தன்ர காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். மனப்பாடம் செய்தால் அது ஒரு வரி. எங்களில் ஒருத்தி அதைக் கேள்வியாக்கினாள்: "2009 இல் மனுசன் காணாமல் போயிட்டார். பிள்ளையின்ர படிப்புக்காகச் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விக்கவேணும். அந்த அக்கா ஆரிட்டச் சம்மதம் வாங்கிறது?"

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு 8 ஆம் பிரிவுக்குப் போனோம். கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அவர் இருக்கிற இடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். இந்தப் பிரிவு கேட்கிறது கணவன் இருக்கிற இடம் தெரியாது எண்டதை. அவர் செத்துப்போனார் எண்டதை இல்லை. மரணச் சான்றிதழ் வேண்டாம், பதில்தான் வேணும் எண்டு இண்டைக்கும் தெருவில் இருக்கிற பெண்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு! அண்டைக்குப் பிறகு அந்த இரண்டு பிரிவும் எங்களில் ஒருத்தருக்கும் மறக்கேல்லை.

சான்றுக் கட்டளைச்சட்டத்தையும் அப்படித்தான் படிச்சோம். 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் குடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் குடுத்தவருக்கு எதிராக நிரூபிக்க ஏலாது. 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் குடுத்திருந்தால் அதை ஏற்கலாம் எண்டு சொல்லுது. இரண்டையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கோ. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கட ஊர்ப் பெடியள் எத்தனை பேரின்ர இளமை போச்சு எண்டு யோசியுங்கோ. இலக்கம் தானாக நினைவில் நிற்கும்.

கடைசியாக, மொழி. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துறதுக்கான ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடிச்சது. ஆனாலும் தீர்ப்பறிக்கைகளும் பாடப் புத்தகங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கு. அதனால் ஆங்கிலத்தில் வாசிச்சதை வீட்டில் அம்மம்மாவுக்குச் சொல்லுற மாதிரித் தமிழில் சொல்லிப் பார்ப்போம். அம்மம்மா "அப்ப அந்தப் பிள்ளைக்குக் காணி கிடைக்குமோ?" எண்டு திருப்பிக் கேட்டால், சொன்னது விளங்கியிருக்கு எண்டு அர்த்தம். எங்கட நீதிமன்றங்களில் நாளைக்கு வரப்போற ஆக்களும் அதே கேள்வியைத் தமிழில்தான் கேட்கப்போகினம்.

இண்டைக்குப் படிச்ச ஒரு பிரிவை எடுங்கோ. புத்தகத்தை மூடுங்கோ. அது உங்கட ஒழுங்கையில் ஆருக்குத் தேவைப்படும் எண்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கோ.