குப்புறக் கிடந்த மல்லன்

நாவுலயில் எங்கள் வாப்பாவின் தேத்தண்ணிக் கடைக்கு வந்து போனவர்கள் எல்லோருக்கும் காமாவின் கதை தெரியும். மாத்தளையிலிருந்து தம்புள்ள நோக்கிப் போகும் லொறிக்காரர்கள் ஒரு ப்ளேன்டீ குடித்து முடிப்பதற்குள் வாப்பா 1910ஆம் ஆண்டு லண்டனுக்குப் போய்த் திரும்பிவிடுவார்.

அந்த வருடம் செப்டம்பர் 10ஆம் திகதி, பஞ்சாபிலிருந்து போன குலாம் முஹம்மத் என்ற காமா பயில்வானும் போலந்து மல்லன் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். முதல் நிமிடத்திலேயே காமா அவனைக் கீழே வீழ்த்திவிட்டார். அதன்பின் ஸ்பிஸ்கோ செய்தது ஒரே வேலைதான். மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டான். இரண்டரை மணி நேரம் அசையவில்லை. புள்ளிக் கணக்கு இல்லாத காலம் அது. இரண்டு தோளும் தரையில் பட்டால்தான் தோல்வி. குப்புறக் கிடப்பவனின் தோள் எப்படித் தரையில் படும்? போட்டி முடிவில்லாமல் நின்றது. 17ஆம் திகதி மீண்டும் மோதுவதென்று தீர்மானித்தார்கள். அன்றைக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. ஜோன் புல் பட்டி காமாவுக்குக் கிடைத்தது.

“பேடிப்பயல்!” என்று சொல்லி வாப்பா கிளாஸைக் கழுவ ஆரம்பிப்பார். கதை அந்தச் சொல்லில்தான் முடியும்.

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலிருந்து தங்கச்சியின் மகன் விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கதை மறுபடி என் முன்னால் வந்து நின்றது. அவனுக்கு அப்போது பதினேழு வயது. கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. பள்ளி மல்யுத்தக் குழுவில் பேரெடுத்தவன் என்று தங்கச்சி தொலைபேசியில் பெருமையாகச் சொல்வாள். ஆனால் வந்தவன் முன்திண்ணையில் குந்திக்கொண்டு பாதையைப் பார்த்தபடியே இருந்தான்.

“எனத்த மகன் யோசிக்கிற?” என்று கேட்டேன்.

“நான் மல்யுத்தத்த விடப் போறேன் மாமா” என்றான்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. அவன் பத்து வயதிலிருந்து பழகியது போக்ஸ்டைல். அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் குளிர்காலத்தில் ஆடும் மல்யுத்தம் அது. ஒலிம்பிக்கில் ஆடுவது ப்ரீஸ்டைல். பள்ளிப் பருவம் முடிந்து வசந்தகாலம் வந்ததும் அவன் முதன்முதலாக ஒரு ப்ரீஸ்டைல் போட்டிக்குப் போயிருக்கிறான். ஒன்றரை நிமிடத்தில் பத்துக்குப் பூச்சியம். பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் அங்கே ஆட்டம் முடிந்தது. தோற்கடித்தவன் தன்னைவிடப் பலசாலியுமல்ல என்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“பலசாலி இல்லையென்றால் எப்படித் தோற்றாய்?”

அதை வாயால் சொல்லும் தமிழ் அவனிடம் இருக்கவில்லை. உள்ளே போய்ப் பன்பாயை எடுத்துவந்து மண்டபத்தில் விரித்தான். என்னைக் கையையும் முழங்காலையும் ஊன்றி நிற்கச் சொன்னான். அறுபதைத் தாண்டிய பென்ஷன் வாத்தியார் நான். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, “இந்த வயசில இடுப்ப ஒடச்சிக்கொள்ளப் போறீங்களா?” என்று சத்தம் போட்டாள். நான் நின்றேன்.

போக்ஸ்டைலில் கீழே அகப்பட்டவன் இப்படிக் கையூன்றி எழும்ப வேண்டும். பிடியிலிருந்து நழுவி எழுந்துவிட்டால் ஒரு புள்ளி. மேலே இருப்பவனைப் புரட்டித் தான் மேலே வந்தால் இரண்டு. மேலே உள்ளவன் கீழே இருப்பவனின் இடுப்பைச் சுற்றி இரண்டு கைகளையும் கோத்துப் பூட்டுவதற்கு அங்கே அனுமதியில்லை. ஆகவே கையூன்றி நிற்பதில் ஆபத்துக் குறைவு. ஏழு வருடம் அவனுடைய உடம்பு இதைத்தான் படித்தது. விழுந்த மறுகணம் கை தானாக ஊன்றும்.

ப்ரீஸ்டைலில் எழும்பினால் புள்ளி கிடையாது. கைகளைக் கோத்துப் பூட்டலாம். ஊன்றி நின்ற அவன் வயிற்றுக்குக் கீழே எதிராளியின் கைகள் புகுந்து பூட்டிக்கொண்டன. பிறகு பீப்பாயை உருட்டுவதுபோல உருட்டினான். முதுகு தொண்ணூறு பாகைக்கு மேல் சாய்ந்து மெத்தையைப் பார்த்தாலே இரண்டு புள்ளி; தோள் படவேண்டும் என்றில்லை. வீழ்த்தியதற்கு இரண்டு, நான்கு உருட்டலுக்கு எட்டு. பத்து.

“அது மட்டுமில்ல மாமா” என்று தன் மற்றப் பிழைகளையும் சொன்னான். அவன் தப்புவதற்குத் தோளைப் போட்டு முதுகால் புரள்வான். போக்ஸ்டைலில் அது நல்ல வித்தை. முதுகைக் காட்டியதற்கு எதிராளி புள்ளி பெற வேண்டுமானால் அவனைக் கட்டுப்படுத்தி வைத்திருக்க வேண்டும். ப்ரீஸ்டைலில் ஒரு கணம் புரண்டாலே எதிராளிக்கு இரண்டு. அவன் மேலே இருந்தால் எதிரியை அமுக்கிக்கொண்டே நேரத்தைப் போக்குவான். கல்லூரிப் போட்டிகளில் அப்படி ஒரு நிமிடம் கூடுதலாக அமுக்கினால் அதற்கே ஒரு புள்ளி உண்டு. ப்ரீஸ்டைலில் அமுக்குவது கணக்கில்லை. புரட்டாவிட்டால் நடுவர் விசிலடித்து இருவரையும் எழுப்பிவிடுவார். காப்பாற்றிய பழக்கங்களே காட்டிக்கொடுத்திருக்கின்றன.

“அப்படியென்றால் கீழே விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டேன்.

பாயில் நெடுகப் படுத்துக் காட்டினான். வயிறு, நெஞ்சு, நாடி எல்லாம் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கை புகுவதற்கு இடமில்லை. “கோச் கத்திக்கொண்டே இருந்தார், குப்புறப் படு என்று. எனக்கு ஏலாது மாமா. வெட்கமாக இருந்தது. கோழை மாதிரி.”

எனக்குச் சுரீரென்றது. வாப்பாவின் ஸ்பிஸ்கோ எங்கள் பன்பாயில் கிடந்தான்.

லண்டனில் அன்று நடந்தது கெச் என்ற பழைய ஆங்கிலேய முறை. போக்ஸ்டைலும் ப்ரீஸ்டைலும் அந்த ஒரு தாயின் பிள்ளைகள்தான். அங்கே குப்புறக் கிடப்பது அழகல்ல, குற்றமுமல்ல. 1928இல் பட்டியாலாவில் காமாவும் ஸ்பிஸ்கோவும் மறுபடி மோதினார்கள். இம்முறை மெத்தையில்லை, மண் களம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்பிஸ்கோ மல்லாந்து விழுந்தான். காமாவின் பலத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் களத்தின் பங்கும் அதில் இருந்திருக்கும். வாப்பா அந்தப் பங்கைச் சொன்னதேயில்லை.

மண்ணிலிருந்து மெத்தைக்கு வந்தவர்களின் கதையை மருமகனுக்குச் சொன்னேன். மராட்டிய மண்ணில் பழகிய கே. டி. ஜாதவ் 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம். நான்கு வருடம் கழித்து ஹெல்சின்கியில் வெண்கலம். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். 1960இல் ரோமில் பாகிஸ்தானின் முஹம்மத் பஷீர் வெண்கலம் எடுத்தார். அதே எடைப் பிரிவில் தங்கம் எடுத்தவர் டக்ளஸ் ப்ளூபா, அவனைப் போலவே போக்ஸ்டைலில் வளர்ந்த அமெரிக்கர். நமது நெத்மி பொருதொட்டகே 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் ப்ரீஸ்டைலில் வெண்கலம் எடுத்ததையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மருமகனை நினைத்து அல்ல, வாப்பாவை நினைத்து.

எனக்கும் பதினேழு வயதாக இருந்த ஒரு மாலையில், குடித்துவிட்டு வந்த சிலர் கடையில் சண்டைக்கு நின்றார்கள். பிஸ்கட் போத்தல்களை உடைத்தார்கள். வாப்பாவுக்கு நல்ல தேகக்கட்டு. ஒருவனை என்றாலும் தூக்கி எறிந்திருக்கலாம். அவர் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு உள்ளே வந்து குந்தினார். வெளியே ஏச்சு அடங்கும்வரை அசையவில்லை. “காமா கதை சொல்றது நீங்கதானே?” என்று நான் கேட்டேன். வாப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக் கடையைத் திறந்தார். முந்திய நாள் வந்தவர்களில் ஒருவன் ஒரு மாதம் கழித்து வந்து தேத்தண்ணி குடித்தான். அவனுக்கும் கிளாஸைக் கழுவித்தான் கொடுத்தார்.

வாப்பா மௌத்தாகும்வரை நான் அந்தக் கேள்விக்கு மாப்புக் கேட்கவில்லை. அவர் ஸ்பிஸ்கோவைப் பேடி என்று சொன்னார். நான் அவரை அப்படி நினைத்தேன். இருவருக்கும் பார்க்கத் தெரிந்தது ஒரு களத்தின் சட்டம் மட்டுந்தான்.

காலையில் இதை மருமகனிடம் சொன்னேன். மூத்தவாப்பாவை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். வெகுநேரம் யோசித்துவிட்டு, “சும்மா குப்புறக் கிடந்தா வெல்ல ஏலாது மாமா. விசில் வரும் மட்டும்தான் கிடக்கணும். பிறகு எழும்பிப் புள்ளி எடுக்கணும்” என்றான்.

“அவர்தான் மறுநாள் கடையைத் திறந்தாரே” என்றேன்.

அவன் திரும்பிப்போன அடுத்த வசந்தத்தில் தங்கச்சியின் தொலைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மறுபடியும் தோல்விதான். எட்டுக்கு ஆறு. கீழே ஒரு வரி: “மூன்று தரம் விழுந்தேன் மாமா. ஒரு தரம்கூட என்னை உருட்ட முடியவில்லை.”