மரப் பேனாவுக்கு இரும்புக் கடைசல்

உடுமலைப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு என்ன வேலை வருகிறதென்று அதன் வாசலில் கிடக்கும் இரும்பே சொல்லிவிடும். தேய்ந்துபோன மோட்டார் தண்டு, நார் மில்லிலிருந்து கழற்றி வந்த டிரம், ஸ்பின்னிங் மில் ரோலர், டிராக்டர் பின். இவற்றைத் தாண்டி உள்ளே போய், என் நண்பர் ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து டர்னரிடம் நீட்டினார். தென்னை மரத்தில் அவரே கடைந்த பேனா. வீட்டில் சின்னதாக ஒரு மர லேத் வைத்திருக்கிறார்.

டர்னர் பேனாவின் அழகைப் பார்க்கவில்லை. மரமும் உலோக வளையமும் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார்.

"இங்க தட்டுதுங்க தம்பி. இந்தப் பக்கம் மரம் ஏறியிருக்குது, எதிர்ப்பக்கம் எறங்கியிருக்குது. கடையும்போது எதுலீங்க புடிச்சீங்க?"

நண்பர் தன் மேண்ட்ரலைக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. மரப் பேனா கடைபவர்கள் பெரும்பாலோர் முதலில் வாங்கும் சாமான் இதுதான். மரக்கட்டையில் 7 மி.மீ. துளை போட்டு, அதற்குள் மெல்லிய பித்தளைக் குழாயை ஒட்டிவிடுவார்கள். அந்தக் குழாயை மேண்ட்ரல் கம்பியில் கோத்து, இரு பக்கமும் புஷ் என்ற உலோக வளையம் வைத்து, நட்டால் இறுக்கி லேத்தில் சுழலவிடுவார்கள். புஷ்ஷின் விட்டம்தான் அளவு. மரம் புஷ் மட்டத்துக்கு இறங்கியதும் உளியை எடுத்துவிட வேண்டும்.

குழாய்க்குள் நுழைய வேண்டுமென்பதால் கம்பி 6.3 மி.மீ. அளவில்தான் இருக்கும். இரண்டு மரத்துண்டுகளைச் சேர்த்துக் கோப்பதால் நீளமும் அதிகம். நட்டைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலோ, டெயில் ஸ்டாக்கை அழுத்தித் தள்ளினாலோ நடுவில் வில்லாக வளைகிறது. வளைந்த கம்பி சுழலும்போது உளி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெட்டும், மரம் குழாயின் மையத்திலிருந்து விலகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். மோட்டார் தண்டில் பேரிங் உட்காரும் இடத்தைக் காலமெல்லாம் கடைந்த மனிதருக்கு நகமே போதுமானதாக இருந்தது. கம்பியை இரண்டு சென்டருக்கு நடுவே வைத்து, டயல் கேஜ் முனையை அதன் மேல் நிறுத்தி, கையால் உருட்டிக் காட்டினார். முள் ஆடியது.

"இந்தக் கம்பியே வேண்டாமுங்க. குழாய்க்கு ரெண்டு முனையிலயும் புஷ்ஷு வெச்சு, நேரா சென்டர்ல புடிச்சுக்கலாம். நடுவுல ஒண்ணுமில்லீனா வளையறதுக்கும் ஒண்ணுமில்லீங்களே."

வெளிநாட்டில் தேர்ந்த பேனாக் கடைசல்காரர்கள் பலர் கடைசியில் வந்து சேர்ந்திருக்கும் முறையும் இதுதான். புஷ்ஷின் வாயில் 60 டிகிரி சரிவு இருக்க வேண்டும். தலைப்பக்கம் ஒரு டெட் சென்டர், வால்பக்கம் ஒரு ரிவால்விங் சென்டர், இரண்டின் முனையும் அதே 60 டிகிரி. நண்பரின் லேத்தோடு வந்த சென்டர், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிண்ண வடிவத்தில் இருந்தது. புஷ்ஷுக்குள் அது உட்காராது. பேனாச் சாமான் விற்பவர்களின் பட்டியல்களில் 60 டிகிரி சென்டரைத் தேடி, விலையையும் சுங்க வரியையும் பார்த்து அவர் மலைத்திருந்தார். டர்னர் அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தார். இரும்பு லேத்துக்கு அது அன்றாடச் சாமான், கோவையில் எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்டரைச் செருகும் சரிவு, மர லேத்தில் இருப்பதும் இரும்பு லேத்தில் இருப்பதும் அதே மோர்ஸ் டேப்பர்தான். நண்பரின் லேத்துக்கு எம்.டி.2. மேட்டூருக்குப் போனாலும் மான்செஸ்டருக்குப் போனாலும் அதன் பெரிய முனை 17.78 மி.மீ. கணக்குதான். அதேபோல இ.ஆர். காலெட்டும். ஸ்விட்சர்லாந்தின் ரெகோ ஃபிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அந்தப் பிடி, இன்று மில்லிங் மெஷின் உள்ள பெரும்பாலான பட்டறைகளில் இருக்கிறது. பேனாக்காரர்கள் அதைத் தனிச் சரக்காக நினைத்துத் தேடுகிறார்கள். ஒன்றை மட்டும் டர்னர் எச்சரித்தார்: எம்.டி.2 காலெட் சக்கை வெறுமனே செருகி ஓட்டக் கூடாது, தலைப்பக்கத் தண்டின் பின்னாலிருந்து நீள போல்ட் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். அதிர்வில் டேப்பர் கழன்று வந்துவிடும்.

டெட் சென்டரை அவர் அங்கேயே கடைந்தார். இந்த வேலையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். எம்.டி.2 சரிவு, அச்சிலிருந்து ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. காம்பவுண்ட் ஸ்லைடில் பொறித்திருக்கும் கோடுகள் முழு டிகிரிக்குத்தான், அதை நம்பி டேப்பர் வெட்ட முடியாது. அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. வெளிப்புறம் நல்ல எம்.டி.2 டேப்பர் உள்ள பழைய ட்ரில் ஸ்லீவ் ஒன்றை ஆட்டமில்லாமல் பிடித்தார். டயல் கேஜை ஸ்லைடின் மேல் ஏற்றி, முனையை ஸ்லீவின் பக்கவாட்டில் தொடவைத்து, கைப்பிடியைச் சுற்றி முன்னும் பின்னும் ஓட்டினார். முள் நகர்ந்தது. ஸ்லைடைச் செப்புச் சுத்தியால் மெல்லத் தட்டினார், மறுபடி ஓட்டினார். தட்டலும் ஓட்டலுமாக நேரம் போனது. வெளியே ஒருவர் பம்ப் தண்டோடு வந்து நின்றார், இவர் திரும்பவில்லை. முள் ஒரே இடத்தில் நின்றபிறகுதான் இரும்பைச் சக்கில் மாட்டினார். வெட்டியது சிறிது நேரம்தான். பிறகு டேப்பரில் மார்க்கிங் புளூ தடவி, உட்புறம் எம்.டி.2 உள்ள வேறொரு ஸ்லீவுக்குள் செருகித் திருகி எடுத்தார். நீலம் நீளம் முழுக்கச் சீராகக் கலைந்திருந்தது. 60 டிகிரி முனையை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அந்த ஸ்லீவ் மூலமாகத் தன் லேத்தின் தண்டிலேயே அந்த டேப்பரை உட்காரவைத்து முனையைக் கடைந்தார். எந்த அச்சில் சுழல்கிறதோ அந்த அச்சிலேயே முனை வந்துவிடும்.

இந்தக் கைகள் இங்கே தற்செயலாக வந்தவை அல்ல. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. இரவு பகலாக ஓடும் மில்லில் ஒரு தண்டு உடைந்தால் விடிவதற்குள் மறு தண்டு வேண்டும். அந்த அவசரத்தில் வளர்ந்ததுதான் கொங்கு நாட்டு லேத் தொழில். 2009இல் திருப்பூர் மாவட்டத்தோடு சேர்ந்தாலும், சாமானுக்கு உடுமலை இன்னும் கோவையைத்தான் பார்க்கிறது.

அடுத்த சிக்கல் குழாய் முனை. ஒட்டியபின் மரத்தின் முகம் குழாய்க்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் புஷ் கோணலாக உட்காரும், அதுவரை செய்த துல்லியமெல்லாம் வீண். இதற்கென்று கத்தி விற்கிறார்கள். தென்னை மரத்தில் அந்தக் கத்தி நாரைப் பிய்த்துவிடுகிறது. தென்னையில் ஆண்டு வளையம் கிடையாது, நார்க்கற்றைகள்தான். வெளிவட்டம் கருத்து இறுகியும் உட்பகுதி பஞ்சு போலவும் இருக்கும். டர்னர் சொன்ன வழி எளிமையானது. ஒரு வட்டத் தட்டைச் சக்கில் பிடித்து முகத்தைத் தேய்த்து, பிடியைத் தளர்த்தாமல் அதே செட்டிங்கில் நடுவில் துளை போட்டு, குழாய்க்குள் நுழையும் கம்பியை அதில் அடித்து நிறுத்துவது. ஒரே செட்டிங் என்பதால் தட்டும் கம்பியும் செங்கோணத்தில் இருந்தே தீரும். தட்டில் உப்புத்தாள் ஒட்டி, மரத்துண்டைக் கம்பியில் கோத்துத் தேய்த்தால் நார் பியாமல் முகம் சமமாகிறது. விற்கும் கத்தியைவிட இது மேல் என்பது என் முடிவு. வெப்பாலை போன்ற நெருக்கமான மரத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். சன்னபட்னா பொம்மைகளுக்கு அந்த மரத்தைத் தேர்ந்தது காரணத்தோடுதான்.

கூலி கேட்டபோது டர்னர் கடைந்த நேரத்துக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார். ஸ்லைடைத் தட்டித் தட்டி நிறுத்திய நேரம் கணக்கில் இல்லை. "செட்டிங்குக்கு யாருங்க காசு குடுக்கறாங்க?" என்றார். எனக்கு இது மனதை உறுத்தியது. கடல் கடந்து வந்த வளைந்த கம்பிக்கு நாம் பேரம் பேசாமல் பணம் கட்டுகிறோம். வேலையின் உயிர் முழுவதும் அந்த செட்டிங்கில் இருக்க, அதைச் செய்தவர் அதைக் கேட்கக்கூடத் தயங்குகிறார். நண்பர் செட்டிங் நேரத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தார். டர்னர் மறுத்து மறுத்துப் பிறகே வாங்கிக்கொண்டார். ஒரே செட்டிங்கில் நான்கைந்து சென்டர்களைச் சேர்த்துக் கடையச் சொன்னால் ஆளுக்குச் செலவு குறையும் என்று அவரே வழியும் சொன்னார். பேனா கடையும் ஆட்கள் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும்.

இனி நண்பருக்கு வேண்டியது திருகு மூடி. மரத்திலேயே மரை வெட்டினால் பொடிந்துவிடும். எபோனைட் உறை ஒன்றை உள்ளே ஒட்டி அதில்தான் வெட்ட வேண்டும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் 1970 முதல் எபோனைட்டைக் கடைந்துவருகிறார்கள், அந்தப் பொருள் நமக்குப் புதிதல்ல. மூடி ஒரு சுற்றில் திறக்க இரட்டை மரையோ மும்மரையோ வேண்டும். டர்னர் யோசித்தார்.

"லேத்துல வெட்டிப்போடலாமுங்க. மரை வெட்டற டேப்பாப் பண்றது வேற வேலை. நல்ல பேனா மூடி ஒண்ணு கொண்டாங்க, பிட்ச் பார்த்துட்டுச் சொல்றனுங்க."

பம்ப் தண்டோடு வந்தவர் பக்கம் திரும்பி வெர்னியரைக் கையில் எடுத்தார்.