கறுப்புத் திரைக்குப் பின்னால்

இரவு மணி 11.30. விடிந்தால் இறுதியாண்டு புராஜெக்ட் வைவா. விடுதி அறையில் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தான் அவன். உபுண்டு லோகோ வந்தது, போனது. பிறகு வெறும் கறுப்புத் திரை. பாஸ்வேர்டு கேட்கும் இடம் வரவே இல்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தான். அதே கறுப்பு.

நம்மூரில் கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் ஒரே மருந்துதான்... "ஃபார்மட் பண்ணிடு மச்சி!" பக்கத்து அறை டாக்டர் பென்டிரைவோடு வந்தும்விட்டார். ஆனால் நாலு மாத உழைப்பு மொத்தமும் அந்த ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது. பேக்கப்? ம்ஹூம். அடுத்த வாரம் எடுக்கலாம், அடுத்த வாரம் எடுக்கலாம் என்றே நாலு மாதம் ஓடிவிட்டது.

இங்கே ஒரு விஷயம். லினக்ஸில் அந்த அழகான லாகின் திரைதான் கம்ப்யூட்டர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கெர்னல் எழுந்து, டிஸ்குகள் இணைந்து, மற்ற சேவைகள் கிளம்பிய பிறகு வரும் இன்னொரு புரோகிராம் அது. க்னோம் உள்ள உபுண்டுவில் அதற்குப் பெயர் ஜிடிஎம். வாசலில் வாட்ச்மேன் மயங்கி விழுந்தால் வீடே இடிந்துவிட்டது என்று அர்த்தமா? கொல்லைப்புறக் கதவு ஒன்று இருக்கிறதே!

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினான். கறுப்பில் வெள்ளை எழுத்தாக 'லாகின்' என்று வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தான். உள்ளே போய்விட்டான். 'எல்எஸ்' அடித்தால்... புராஜெக்ட் ஃபோல்டர் பத்திரமாக இருக்கிறது! முதல் வேலையாக வேறொரு பென்டிரைவை மவுன்ட் செய்து மொத்தத்தையும் காப்பி எடுத்தான். கைநடுக்கம் அதற்குப் பிறகுதான் நின்றது.

அடுத்து நோய் என்ன என்று பார்த்தான். 'டிஎஃப்' கட்டளை ஒரே வரியில் சொல்லிவிட்டது: ரூட் பார்ட்டிஷன் 100% நிரம்பியிருக்கிறது. லாகின் திரை கிளம்பும்போது சில ஃபைல்களை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாததால் விழுந்துவிட்டது. எக்ஸ்ட்4 வழக்கமாக 5% இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். சாதாரணப் பயனருக்கு இடம் தீர்ந்த பிறகும் உள்ளே போய்ச் சரிசெய்ய முடிவது பெரும்பாலும் அதனால்தான்.

ஆனால் இடம் வேண்டும் என்று முந்தின நாள்தானே படங்களை எல்லாம் டெலீட் செய்தான்? செய்தான். அத்தனையும் டிராஷில் போய் உட்கார்ந்திருந்தன. 'டியூ' கட்டளை காட்டிக் கொடுத்தது: 22 ஜிபி. குப்பைத் தொட்டியும் வீட்டுக்குள்தானே இருக்கிறது :) அதைக் காலி செய்து ரீபூட் செய்தான். லாகின் திரை சாதுவாக வந்து நின்றது.

எல்லாக் கறுப்புத் திரைக்கும் இதுவே காரணம் இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் தகராறாகவும் இருக்கலாம். அப்போது 'ஜர்னல்சிடிஎல்' காட்டும் பதிவுகளைப் படிக்க வேண்டும். எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் உள்ளே போ, காப்பி எடு, பிறகு காரணம் தேடு. ஃபார்மட் கடைசி.

டாக்டர் 12.40க்குத் தூங்கப் போய்விட்டார். வைவா முடிந்த பிறகும் அந்தக் காப்பியை அவன் அழிக்கவில்லை.

அது சரி, நீங்கள் கடைசியாக பேக்கப் எடுத்தது எப்போது?