தொட்டி பெரிசு, குழாய் சின்னது!

கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகும் எந்த விவசாயியும் குதிரைத்திறனை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதில்லை. கிணறு எத்தனை அடி, தண்ணீர் எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் போக வேண்டும், குழாய் இரண்டு அங்குலமா, இரண்டரையா என்று எல்லாம் பேசித்தான் வாங்குவார். அதே விவசாயி வீட்டில் வைக்கும் மீன் தொட்டிக்குப் பம்ப் வாங்கும்போது மட்டும், பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுகிறார். வண்ணமீன் வளர்ப்பில் இறங்கும் பல குடும்பங்களுக்கு முதல் நஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கும் அதுதான் நடந்தது. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்த மகன், ஊரிலேயே ஏஞ்சல் மீன் வளர்த்து விற்கலாம் என்று திரும்பி வந்தான். அம்மா தன் தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வந்தது. அதன் கீழே இரும்பு ஸ்டாண்டுக்குள், தண்ணீரை வடிகட்டி மேலே அனுப்ப ஒரு சம்ப் தொட்டி. பம்ப் பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருந்தது. தோட்டத்தில் மீந்து கிடந்த அரை அங்குலக் குழாயை நான்கு எல்போ போட்டு இணைத்தான்.

"தண்ணி வருதுல்ல, போதும்பா" என்றான் மகன்.

அப்பா பதில் பேசவில்லை. 15 லிட்டர் பக்கெட்டை எடுத்து வந்து குழாய் வாயில் பிடித்தார். நிறைய ஒரு நிமிடம் ஆனது. மணிக்கு 900 லிட்டர். பெட்டியில் போட்டிருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மீதித் தண்ணீர் எங்கே போனது?

பம்ப் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதிகபட்ச நீரளவு, இன்னொன்று அதிகபட்ச உயரம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 3,000 லிட்டர் என்பது தண்ணீரைக் கொஞ்சம்கூட மேலே தூக்காதபோது வருவது. இரண்டரை மீட்டர் உயரம் என்பது தண்ணீர் ஏறி நின்று, ஒரு சொட்டும் வெளியே வராத இடம். நம் தொட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சம்ப் தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டியின் மேல்விளிம்பு வரை அந்த வீட்டில் நாலரை அடி. அந்த உயரமே ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அடுத்து தின்பது குழாய். தண்ணீர் குழாய்ச் சுவரில் உரசிக்கொண்டு போவதும் பம்புக்குக் கூடுதல் உயரம் ஏறுவது போலத்தான். 10 அடிக் குழாயும் நான்கு எல்போவும் இருந்து, மணிக்கு 2,000 லிட்டர் போக வேண்டுமானால், உராய்வினால் சேரும் உயரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

அரை அங்குலம் – 11 அடி
முக்கால் அங்குலம் – 3 அடி
ஒரு அங்குலம் – ஒன்றேகால் அடி
ஒன்றேகால் அங்குலம் – அரை அடிக்கும் குறைவு

குழாயின் விட்டம் பாதியானால் அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இரண்டு மடங்கு ஆவதில்லை, சுமார் 30 மடங்கு ஆகிறது. நாலரை அடி ஏற்ற வேண்டிய பம்பிடம், அரை அங்குலக் குழாயைக் கொடுத்துப் பதினைந்து அடி வேலை வாங்கினால் அது என்ன செய்யும்?

கடைக்காரர், "இரண்டு மடங்கு பெரிய பம்ப் போடுங்க" என்றார். அப்பாவோ, "மொதல்ல குழாயை மாத்துடா தம்பி, அப்புறம் பம்பைப் பாக்கலாம்" என்றார். பம்பின் வாயிலேயே ஒரு ரெட்யூசர் வைத்து ஒன்றேகால் அங்குலக் குழாய்க்கு மாறினார்கள். மறுபடி பக்கெட்டைப் பிடித்தபோது 28 விநாடியில் நிறைந்தது. அதே பம்ப், மணிக்கு 1,900 லிட்டருக்கு மேல்.

எவ்வளவு ஓட்டம் போதும்?

அந்தத் தொட்டி முழுக்க நிரம்பினால் 680 லிட்டர். நன்னீர் மீன் தொட்டிகளில் மணிக்கு நான்கு முறை தண்ணீர் சுற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இங்கே கிடைத்தது மூன்று முறைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஏஞ்சல் மீன் வேகமான ஓட்டத்தை விரும்பாது. கூடவே ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர் ஓடுவதால் இதுவே போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

இதில் கரண்ட் கணக்கும் இருக்கிறது. மீன் தொட்டிப் பம்ப் 24 மணி நேரமும் ஓடுவது. இப்போதுள்ள 45 வாட் பம்புக்கு இரண்டு மாதத்தில் சுமார் 65 யூனிட் ஆகும். 100 வாட் பம்ப் போட்டிருந்தால் 144 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதில் பெரும்பகுதியை இந்தப் பம்ப் ஒன்றே குடித்துவிடும். குழாய்க்கு ஒருமுறை செலவு, பம்புக்கு ஆயுள் முழுக்கச் செலவு.

சும்மா கிடக்கிறதே என்று அரை ஹெச்.பி. மோனோபிளாக்கை மாட்டுபவர்களும் உண்டு. நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட் இழுக்கும். அதிக உயரத்துக்கென்று செய்த மோட்டாரைக் குறைந்த உயரத்தில் ஓட்டினால் ஆம்பியர் ஏறி காயிலும் சூடாகும்.

அந்த இரவு

ஓட்டம் சரியான பிறகும் ஒரு தவறு மிச்சம் இருந்தது. அடியில் அழுக்கு தங்காது என்று மகன் குழாய் வாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி வைத்திருந்தான். ஒருநாள் நடு இரவில் கரண்ட் போனது. பம்ப் நின்றதும், அதே குழாய் வழியாகத் தண்ணீர் தலைகீழாக இறங்க ஆரம்பித்தது. சம்ப் நிரம்பி வீடெல்லாம் ஓடியது. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மாவின் கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. பெரிய மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து துடித்தன. விடிவதற்குள் 11 மீன்கள் செத்துப்போயின. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மகனுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அப்பாவும் மகனும் சேர்ந்து குழாய் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே உயர்த்தினார்கள். மட்டத்தை ஒட்டி குழாயில் சின்னத் துளை ஒன்றும் போட்டார்கள். தண்ணீர் சற்று இறங்கியதும் அந்தத் துளை வழியே காற்றுப் புகுந்து இறக்கம் நின்றுவிடும். பாசி அடைக்காமல் துளையை வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும். துளை அடைத்தாலும் வீடு நனையாமல் இருக்க, சம்ப்பில் இடம் விட்டு வைத்தார்கள். 6 அடிக்கு 2 அடி தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் 28 லிட்டர். 2 அங்குலம் இறங்கினால் 56 லிட்டர், குழாயில் நிற்பது தனி. எனவே பம்ப் ஓடும்போது சம்ப்பில் 80 லிட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்று கோடு போட்டார்கள்.

மேலிருந்து சம்ப்புக்கு வடியும் குழாயையும் மாற்றினார்கள். பம்ப் தள்ளுகிற தண்ணீர் சிறிய குழாயிலும் போகும், தானாக வடிகிற தண்ணீருக்குப் பெரிய வழி வேண்டும். வடிகுழாய் ஒன்றரை அங்குலம். அது அடைத்தால் உதவ, சற்று உயரத்தில் இன்னொன்று. ஓட்டத்தைக் குறைக்க வால்வு தேவைப்பட்டால் பம்பின் வெளியேற்றுப் பக்கம்தான் வைக்க வேண்டும், வடிகுழாயில் கூடாது.

வாங்கும் முன் கவனிக்க

* மில்லிமீட்டர் அளவில் விற்கும் விவசாய பி.வி.சி. குழாயில் போட்டிருப்பது வெளிவிட்டம். உள்விட்டத்தை அளந்து வாங்கவும்.
* எல்போவைக் குறைக்கவும். ஒரு எல்போ, ஒன்றிரண்டு அடி நேர்க்குழாய்க்குச் சமம்.
* பெட்டியில் உயரத்துக்கு நேராக நீரளவு காட்டும் வரைபடம் இருந்தால், நம் தொட்டி உயரத்துக்கு எவ்வளவு என்று அதில் பார்க்கவும்.
* இணைத்த பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்து, எவ்வளவு தண்ணீர் கீழே இறங்குகிறது என்று பகலிலேயே சோதிக்கவும். மீனை அதற்குப் பிறகு விடவும்.
* கரண்ட் இல்லாத நேரத்துக்கு, பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.