தண்டவாளம் இழந்த வண்டிகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் போன்ற ஊர்களில் வளரும் இளைஞர்க்குப் பொதுப் போக்குவரத்து என்றால் பேருந்துதான். ஒரு தடத்தில் தேவை குறைந்தால் பேருந்தை வேறு தடத்திற்கு மாற்றிவிடலாம். சாலை உள்ள இடமெல்லாம் அதற்கு வழி. டிராம் வண்டிக்கு அவ்வாய்ப்பு இல்லை. தெருவில் பதித்த தண்டவாளமும் மேலே கட்டிய மின்கம்பியும் நீங்கிவிட்டால், சக்கரம் பழுதுறாதபோதும் அது நகர மாட்டாத ஒரு கூடமே.

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7-இல் சென்னையில் ஓடியது. கொல்கத்தாவில் குதிரைகள் இழுத்த டிராம் அதற்கு முன்பே இருந்தது. ஆயினும் அங்கு மின்சார டிராம் வந்தது 1902-இல்தான். 1921-இல் சென்னைத் தெருக்களில் 97 வண்டிகள் ஓடின. பின்னர்ப் பேருந்துகள் பெருகின. டிராம் நிறுவனம் நொடித்தது. 1953 ஏப்ரலில் ஓட்டம் நின்றது. தமிழகத்தில் டிராம் ஓடும் நகரம் வேறொன்று இல்லாமையால், அவ்வண்டிகளை வாங்கி ஓட்டுவாரும் அருகில் இல்லை.

அயல்நாட்டு வண்டிகள் சிலவற்றுக்கு மறுவாழ்வு கிட்டியது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் 1972-இல் டிராமைக் கைவிட்டபோது, ஏறத்தாழ 100 வண்டிகள் கடல் கடந்து எகிப்தின் அலெக்சாந்திரியாவை அடைந்து அங்கே ஓடின. இரு நகரத் தண்டவாளங்களின் அகலமும் ஒன்றாக இருந்தது அவற்றின் நற்பேறு. இங்கிலாந்திலோ, சக்கரம் கழற்றப்பட்ட வண்டிகள் தோட்டக் கொட்டகைகளாயின; கோழிக்கூடுகளும் ஆயின. லெஸ்டர் நகரின் 76-ஆம் எண் வண்டி, கிரிக்கெட் திடலொன்றில் ஆட்டக்காரர் தங்கும் அறையாக நின்றது. இன்று அது கிரிச் டிராம் அருங்காட்சியகத்தில் உள்ளது. கோழிக்கூடு என்று இகழ்வதற்கில்லை. ஒருவர்க்குக் கூரையாகப் பயன்பட்டதனாலன்றோ அவை உடைப்பார் கைக்குத் தப்பின!

கொல்கத்தாவில் 1938-இல் உருவான இரு பெட்டி வண்டியொன்று, 2014 முதல் எஸ்பிளனேடில் 'ஸ்மரணிகா' என்னும் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரு பெட்டியில் சிற்றுண்டிச்சாலை. மற்றொன்றில் பழைய பயணச்சீட்டுகளும் நடத்துநர்தம் பொருள்களும்.

மும்பையின் கதை வேறு. 1964 மார்ச் 31-இல் அந்நகரம் தன் டிராமுக்கு விடைகொடுத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் அருகே பாட்டியா பூங்காவில் நினைவுக்காக ஒரு டிராம் வண்டியை நிறுத்த விரும்பியபோது, அதனைக் கொல்கத்தாவிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று.